‘ஸ்கூல்’ என்னும் ஆங்கிலச் சொல்

ஆங்கிலத்தில் ஓரெழுத்தும் அறியாதாரும் அறிந்து வழங்கும் ஆங்கிலச் சொற்கள் சில நம் நாட்டில் உள. அவற்றுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கது ‘ஸ்கூல்’ என்பது. பிள்ளை எங்கே என்று வினவினால், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியுங்கூட ‘ஸ்கூலுக்குப் போய்விட்டான்’ என்று விடை கூறுவாள். இத்துணைப் பழகிய சொல்லை நாம் நின்று நோக்குவதில்லை. நாள்தோறும் கையிற் புழங்கும் நாணயத்தின் முகத்தை உற்று நோக்குவார் யார்? நம் கல்லூரி விழாக் கொண்டாடும் இவ்வேளையில், பழைய மாணவர், இன்றைய மாணவர், ஆசிரியர் ஆகிய நம் அனைவரையும் ஒன்று கூட்டிய இச்சொல்லின் பொருளையும் வழக்கையும் பிறப்பையும் சிறிது ஆராய்தல் பொருத்தமாகுமென எண்ணுகின்றோம்.

இன்றைய ஆங்கில வழக்கில் இச்சொல்லுக்குள்ள பொருள்களை முதலில் வகுத்துக்கொள்வோம். சிறுவர்க்குக் கல்வி பயிற்றும் நிறுவனம் என்பது முதற்பொருள். அந்நிறுவனம் அமைந்த கட்டடம் என்பது இரண்டாவது. பாடம் நடைபெறும் நேரம் என்பது மூன்றாவது; ‘இன்று ஸ்கூல் இல்லை’ என்று ஒரு மாணவன் துள்ளிக்கொண்டு சொல்லும்போது, கட்டடம் இடிந்து வீழ்ந்துவிட்டதென்று எவரும் கொள்வதில்லை. மாணவரும் ஆசிரியரும் சேர்ந்த கூட்டத்தார் என்பது நான்காவது. ‘ஸ்கூல் முழுவதும் மைதானத்திலே திரண்டது’ என்னுமிடத்து இப்பொருள் வருகின்றது. சட்டம், மருத்துவம் முதலிய பல்கலைக்கழகத் துறைகளை இச்சொல்லாற் குறித்தல் ஐந்தாவது. அமெரிக்கர் பல்கலைக்கழகத்தையே ‘ஸ்கூல்’ என்பர். ஒக்ஸ்போட் மாணவரோ தம் பட்டத்திற்குரிய இறுதிப் பரீட்சையை ‘ஸ்கூல்ஸ்’ எனப் பன்மையில் வழங்குவர். பரீட்சைகளுக்கென அங்கே 1882ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பட்ட பெருமண்டபத்தின் பெயரிலும் அச்சொல்லே நிற்கின்றது.

இவற்றின் வேறாக, ஒரே கொள்கையை அல்லது ஒரே கலைமுறையைத் தழுவிய அறிஞர் வரிசையையும் இச்சொல் குறிக்கும். அவ்வரிசையினர் ஓரூரில் வாழ்ந்திருக்க வேண்டியதில்லை. ஒருவரை ஒருவர் கண்டிருக்கவும் வேண்டியதில்லை. கருத்தினால் ஒன்றுபட்டார் ஆயின் அவர் ஒரு ‘ஸ்கூல்’ ஆவர். வினைச்சொல்லாக வரும்போது பழக்குதல், அடக்கிப் பயிற்றுதல் என்னும் பொருள் தரும். குதிரையைப் பழக்குதலையும் தன் கோபத்தைத் தானே அடக்கப் பழகுதலையும் இவ்வினையாற் சொல்வர். ‘பழைய ஸ்கூலைச் சேர்ந்தவர்’ என்று ஒருவரைக் கூறினால், அவர் பழைய ஒழுக்க முறைகளில் ஊறியவர் என்பது கருத்து. இத்தொடர் புகழ்ச்சியாகவும் வரும். இலேசான கேலியாகவும் வரும். பழைய மாணவர் இதனை எப்பொழுதும் புகழ்ச்சியாகவே கொள்வாராக.

ஆங்கிலம் பயிலும் மாணவர் கருத்திற் கொள்ளவேண்டிய நுட்பம் ஒன்று இங்கே உண்டு. கற்றற்பொருட்டுச் செல்லும் மாணவனைக் குறிக்கும்போது ‘கோ டு ஸ்கூல்’ என்பர். இடையில் ‘த’ என்னும் அடைசொல் வாராது. மகனைப் பற்றி அதிபரோடு பேசச் செல்லும் தந்தையைக் குறிக்கும்போது ‘கோ டு த ஸ்கூல்’ என்பர். அங்கே அடைசொல் வந்தே தீரும். சிறை என்னும் சொல்லிலும் இவ்வேற்றுமை உண்டு. தண்டனை பெற்றுச் செல்பவனுக்கு அடைசொல் இல்லை. அவனைப் பார்த்து வரச் செல்லும் உறவினனுக்கு உண்டு. அடைசொல் சேர்ந்தவிடத்து ‘ஸ்கூல்’ என்பது சுவரும் கூரையும் உடைய ஓரிடம். அடைசொல் நீங்கியவிடத்து அது மாணவன் ஈடுபட்டிருக்கும் ஒரு நிலை. இவ்வேற்றுமையை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம். சொல்லின் வரலாற்றிலே இது மீண்டும் பயன்படும்.

பொருள் மயக்கந் தரும் தொடரொன்றையும் இங்கே குறித்தல் நன்று. ‘பப்ளிக் ஸ்கூல்’ என்றால் பொதுமக்கட்குரிய பாடசாலை என்பதே நேர்ப்பொருள். அமெரிக்காவிலே அரசாங்கப் பணத்தில் நடைபெறும் பாடசாலைக்கு அது பெயர். இங்கிலாந்திலோ பெருங்கட்டணம் வாங்கும் பழைய தனியார் பாடசாலைகளுக்கு அப்பெயர் வழங்குகின்றது. ஈற்றன், ஹரோ, ரக்பி, வின்செஸ்டர் முதலிய ஏழு பாடசாலைகளுக்கென 1868ஆம் ஆண்டு பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின் பெயரிலும் இத்தொடர் உண்டு. ஊர், சமயம், தொழில் என்னும் வரையறையின்றி, கட்டணம் செலுத்த வல்லார் எவரும் சேரலாம் என்ற கருத்தில் எழுந்த பெயர் அது. அவற்றுள் ஈற்றன் பாடசாலையை 1440ஆம் ஆண்டில் ஆறாம் ஹென்றி மன்னன் நிறுவியபோது, எழுபது ஏழை மாணவர்க்கு இலவசக் கல்வி அளிப்பதே அவன் நோக்கமாயிருந்தது. சொற்கள் மாத்திரமன்றி, அவை குறிக்கும் நிறுவனங்களும் காலப்போக்கிற் பொருள் மாறுவன போலும்.

மீன் கூட்டத்தையும் ஆங்கிலேயர் ‘ஸ்கூல்’ என்பர். தலைமை மீன் ஒன்று பாடஞ் சொல்ல ஏனைய மீன்கள் வரிசையாய் நின்று கேட்கின்றன என்று குழந்தைகளுக்குக் கதை சொல்லலாம். ஆயினும் இச்சொல் வேறு, அச்சொல் வேறு. மீன் கூட்டத்தைக் குறிப்பது, திரள் என்னும் பொருளுடைய பழைய ஒல்லாந்தச் சொல்லின் வழி வந்தது. மீன் திரளைக் குறிக்கும் ‘ஷோல்’ என்னும் மற்றோர் ஆங்கிலச் சொல் அதன் உடன்பிறப்பு. நம் மொழியில் ‘மா’ என்பது விலங்கையும் மாமரத்தையும் அரைத்த அரிசியையும் குறிப்பதனால், மூன்றும் ஒன்றாகிவிடுமா? எழுத்தும் ஒலியும் ஒத்தல் ஒரு சொல்லாதற்குப் போதிய சான்றாகாது.

இனி, சொல்லின் பிறப்பிற்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் இது ‘ஸ்கோல்’ என வழங்கிற்று. அஃது இலத்தீன் மொழியின் ‘ஸ்கொலா’ என்னும் சொல்லிலிருந்து பெற்ற கடன். இடைக்கால ஆங்கிலேயர் இச்சொல்லை எழுதும்போது, இன்று ‘சி’ என்னும் எழுத்தை அடுத்து நிற்கும் ‘எச்’ என்னும் எழுத்தை இடாமலே எழுதினர். இலத்தீன் எழுத்துமுறையைப் பின்பற்றிப் பிற்காலத்தார் அதனை நுழைத்தனர். அவ்வெழுத்தை விட்டெழுதிப் பிரம்படி பெற்ற மாணவர் எவரேனும் இருப்பின், அக்குற்றம் முன்னாளில் ஆங்கிலேயர் பலரும் இழைத்ததே என்று மனந்தேறலாம். இலத்தீன் மொழியும் இச்சொல்லைத் தானாகப் படைத்ததன்று, கிரேக்கரிடமிருந்து பெற்றது. கிரேக்க மொழியில் அது ‘ஸ்கொலே’. அதன் முதற்பொருள் பாடசாலை அன்று, ஆசிரியர் அன்று, நூலும் அன்று. ஓய்வு என்பதே அதன் முதற்பொருள்.

வியப்பான செய்தியே. மணியடித்ததும் ஓடிச் சென்று வரிசையில் நின்று, பாடம் ஒப்புவித்து, வீட்டுவேலை சுமந்து வீடு திரும்பும் மாணவனை நோக்கி, ‘தம்பி, நீ இதுவரை இருந்த இடத்தின் பெயர் ஓய்வு’ என்று கூறினால், அவன் நம்மை ஐயத்தோடு நோக்குவான். ஆயினும் மொழிநூலார் ஒருமுகமாகக் கூறுவது இதுவே. ஓய்வு என்னும் பொருளிலிருந்து, ஓய்வுப்பொழுதிற் செய்யத்தக்க செயல் என்னும் பொருள் பிறந்தது. கிரேக்கர்க்கு அத்தகைய செயல்களுட் சிறந்தது அறிவுடையாரோடு கூடி உரையாடுதல். எனவே அறிவுரையாடல், விரிவுரை என்னும் பொருள்கள் வந்தன. அவ்வுரையாடல் நிகழும் கூட்டத்தையும் இடத்தையும் குறித்தல் அதற்குப் பின் வந்தது. பொழுதைக் குறித்த சொல் செயலைக் குறித்து, செயலைக் குறித்த சொல் இடத்தைக் குறித்தது. ஆங்கில இலக்கணத்திலே அடைசொல் பெறாத ‘ஸ்கூல்’ ஒரு நிலையைக் குறிக்கும் என மேலே கண்டோம். அந்நிலைப்பொருள் புதியதன்று, சொல்லின் தொன்மையான பொருளும் இடத்தைச் சார்ந்ததாய் இருக்கவில்லை.

‘ஸ்கொலே’ என்பதன் வேர் இன்னும் ஆழமானது. பற்றுதல், தடுத்து நிறுத்தி வைத்தல் என்னும் பொருளுடைய தொல்வேர் ஒன்றிலிருந்து அது தோன்றியதென்பர். திட்டம் எனப் பொருள்படும் ‘ஸ்கீம்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் அவ்வேரின் கிளையே. ஆகவே கிரேக்கர் கருதிய ஓய்வு, சோம்பிக் கிடத்தலன்று; வேறு வேலைகள் வந்து புகாவண்ணம் தடுத்து வைக்கப்பட்ட பொழுது. அச்சொல்லிலிருந்து பிறந்த வினையடை ஒன்று ‘மெல்ல’, ‘அவசரமின்றி’ என்னும் பொருள்களைத் தந்தது. யாழ்ப்பாணத்தார் ‘ஆறுதலாகச் செய்’ என்று சொல்லும்போது எக்கருத்துத் தோன்றுகின்றதோ, அக்கருத்தே அது. இன்றைய கிரேக்க மொழியிலும் வேலை முடிந்து வெளியேறுதலையும் வகுப்பு முடிந்து வெளியேறுதலையும் இவ்வடியிற் பிறந்த ஒரே வினையாற் கூறுகின்றனர்.

ஓய்வை முதலில் வைத்த கிரேக்கர், அலுவலை அதன் மறுதலையாகக் கொண்டு ‘அஸ்கொலியா’, அதாவது ஓய்வின்மை, என்று பெயரிட்டனர். உரோமரும் இம்மரபினரே. ஓய்வுக்கு அவர் இட்ட பெயர் ‘ஓட்டியம்’. அலுவலுக்கு இட்ட பெயர், இன்மைப் பொருள் தரும் முன்னொட்டுச் சேர்ந்த ‘நெகோட்டியம்’. பேரம் பேசுதலைக் குறிக்கும் ‘நெகோஷியேட்’ என்னும் ஆங்கிலச் சொல் அதிலிருந்து வந்தது. நாம் இன்று அலுவலை இயல்பாகவும் ஓய்வை அதன் இடைவெளியாகவும் கருதுகின்றோம். அவர்கள் ஓய்வை இயல்பாகவும் அலுவலை அதன் குறைபாடாகவும் கருதினர். அரிஸ்டோட்டில் தம் ஒழுக்கவியல் நூலின் பத்தாம் பகுதியில், மக்கள் ஓய்வின்றி உழைப்பது ஓய்வு பெறுதற்பொருட்டே என்னும் கருத்தை விளக்குகின்றார். விளையாட்டையும் ஓய்வையும் அவர் ஒன்றாகக் கொண்டாரல்லர். விளையாட்டு உழைத்தவன் மீண்டும் உழைத்தற்கென அருந்தும் மருந்து போன்றது. ஓய்வோ தன்னளவிலேயே பயனுடையது என்பது அவர் கொள்கை.

இக்கொள்கை கேட்பதற்கு இனியது. ஆயினும் அவ்வோய்வு எவருக்குரியது என்று வினவாது விடுதல் நேர்மையன்று. ஏதென்ஸ் நகரத்துச் சுதந்திரக் குடிமகன் சோலையில் அமர்ந்து உரையாடிய வேளையில், அவன் வயலிலும் வீட்டிலும் சுரங்கத்திலும் உழைத்தோர் அடிமைகள். சிறுவனை ஆசிரியரிடம் அழைத்துச் சென்று மீட்டுவரும் பணியும் ஓர் அடிமையினுடையதே. சிறுவனை நடத்திச் செல்வோன் என்னும் பொருளில் அவனுக்கு வழங்கிய பெயரே ஆங்கிலத்தில் ‘பெடகோக்’ என வந்து, இன்று ஆசிரியரைக் குறிக்கின்றது. கற்பித்தற்கலையைக் குறிக்கும் ‘பெடகோஜி’ என்னும் சொல்லும் அதன் வழியினது. தனக்கென ஒரு நாழிகை ஓய்வும் இல்லாத அடிமை, பிறன் பிள்ளையை ஓய்வின் வாயிலிற் கொண்டுபோய் விட்டான். ஒருவனுடைய ‘ஸ்கொலே’க்கு மற்றொருவனுடைய உழைப்பே விலையாயிற்று. இவ்வுண்மை இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு வேண்டப்படுவது.

கிரேக்கருடைய ஓய்விடங்கள் ஐரோப்பிய மொழிகளிற் பல பெயர்களை விட்டுச் சென்றுள்ளன. பிளேட்டோ கி. மு. 387ஆம் ஆண்டளவிற் கற்பிக்கத் தொடங்கிய இடம், அக்கடேமஸ் என்னும் பழைய வீரன் பெயரால் வழங்கிய சோலை. ‘அக்கடமி’ என்னும் சொல் அங்கிருந்து வந்தது. கி. மு. 335ஆம் ஆண்டளவில் அரிஸ்டோட்டில் கற்பித்த ‘லைசியம்’ அப்பலோத் தெய்வத்திற்குரிய மற்றொரு சோலை. பிரெஞ்சுக்காரர் தம் மேல்நிலைப் பாடசாலையை ‘லிசே’ என்பது அதனாலேயே. உடற்பயிற்சிக் களமாகிய ‘ஜிம்னாசியம்’ ஜேர்மனியரிடத்து மேல்நிலைப் பாடசாலையின் பெயராயிற்று. சோலையும் களமுமாகிய இவ்விடங்களுட் பாடசாலைக்கெனவே கட்டப்பட்டது ஒன்றுமில்லை. உரோமர் சிறுவர்க்குரிய தொடக்கப் பாடசாலையை ‘லூடஸ்’ என்றனர். விளையாட்டுக்கும் அச்சொல்லே பெயர்.

‘ஸ்கொலா’ என்னும் இலத்தீன் சொல் ஐரோப்பாவெங்கும் பரவி, பிரெஞ்சில் ‘எக்கோல்’ எனவும், இத்தாலியத்தில் ‘ஸ்குவோலா’ எனவும், ஜேர்மன் மொழியில் ‘ஷூலெ’ எனவும், உருசிய மொழியில் ‘ஷ்கோலா’ எனவும், போர்த்துக்கேயத்தில் ‘எஸ்கோலா’ எனவும் உருக்கொண்டது. போர்த்துக்கேயர் கப்பலேறிக் கீழ்த்திசை வந்தபோது அச்சொல்லும் உடன் வந்தது. மலாய் மொழியின் ‘செக்கோலா’ அவர் விட்டுச் சென்றது. சிங்கள மொழியில் இன்றும் மக்கள் வாயில் வழங்கும் ‘இஸ்கோலய’ என்பதும் அதுவே. எனவே, ஆங்கிலேயர் இவ்விலங்கையில் அடிவைப்பதற்கு முன்னரே இச்சொல்லின் ஒரு கிளை இங்கு வந்து வேரூன்றிவிட்டது. காலியிலே ‘இஸ்கோலய’ என்போரும் யாழ்ப்பாணத்திலே ‘ஸ்கூல்’ என்போரும், தம்மையறியாமலே ஏதென்ஸ் நகரத்துச் சொல்லொன்றைப் பங்கிட்டுக் கொண்டவராவர்.

இவ்விடத்தில் நம் தமிழ்ச்சொல் ஒன்று நினைவுக்கு வருகின்றது. பாடசாலை, வித்தியாசாலை, கலாசாலை என்னும் பெயர்கள் நமக்கு வடமொழி வழியாக வந்தவை. 1848ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் நிறுவியதும் ‘சைவப்பிரகாச வித்தியாசாலை’ என்னும் பெயருடையதே. பாடம், வித்தை, கலை என அவை ஒவ்வொன்றும் கற்கப்படும் பொருளையே சுட்டுகின்றன. ஆனால் ‘பள்ளி’ என்னும் சொல் கற்கும் பொருளைச் சுட்டவில்லை. பள்ளி கொள்ளுதல், பள்ளியறை, பள்ளியெழுச்சி என்னும் தொடர்களை நோக்குக. படுக்கையும் உறைவிடமும் அதன் பொருள்கள். மதுரையை அடுத்த மாங்குளத்துக் குகைகளிலுள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுக்களிலே, துறவியர்க்கெனக் கல்லிற் செய்தளித்த உறைவிடம் இச்சொல்லாற் குறிக்கப்பட்டுள்ளது. சமணத் துறவியர் தம் பள்ளிகளில் இருந்து கற்பித்தமையாற் பள்ளி என்பது கல்விக்கூடத்தின் பெயராயிற்று என்பர் அறிஞர். பள்ளிக்கும் ‘ஸ்கொலே’க்கும் மொழிவழி உறவு யாதும் இல்லை, ஒலியும் வேறு, குடும்பமும் வேறு. ஆயினும், ஒன்றையொன்று அறியாத இரு மொழிகளில், ஓய்வைச் சார்ந்த சொல்லே கல்விக்கூடத்தின் பெயராய் வளர்ந்தமை சிந்திக்கத்தக்கது.

இவ்வாறு கூறுதலாற் பாடசாலை என்பது ஓய்வெடுக்கும் இடமென்றோ, பாடமும் பரீட்சையும் வேண்டாவென்றோ நாம் கூறுவதாக எவரும் கொள்ளற்க. ஒரு சொல்லின் பிறப்பே அதன் பொருள் என வாதிடுதல் மொழிநூலார் ஒப்பாத பிழை. சொல்லின் பொருளை நிலைநிறுத்துவது வழக்கு. இன்றைய ‘ஸ்கூல்’ என்பதற்கு ஓய்வு என்று பொருள் எழுதும் மாணவனுக்குப் பரீட்சையாளர் புள்ளி வழங்கார், வழங்கலும் ஆகாது. எனினும், சொல்லின் வரலாறு பொருளைக் கூறாவிடினும், அச்சொல் பிறந்த காலத்து மக்கள் எதனை இன்றியமையாததென உணர்ந்தனர் என்பதைக் கூறும். கற்றலுக்கு முதற்கண் வேண்டுவது பிற வேலைகளினின்று காக்கப்பட்ட பொழுது என்பதே அவர் உணர்ந்தது. அவ்வுணர்ச்சி உண்மையானதா என்பதைப் பிற்கால வரலாற்றைக் கொண்டே சோதித்தல் கூடும்.

இங்கிலாந்தில் யந்திரத் தொழில் பெருகிய காலத்தில், சின்னஞ்சிறு பிள்ளைகள் ஆடையாலைகளில் நாள் முழுவதும் உழைத்தனர். அவர்க்குப் பாடசாலை அருகில் இருந்ததா, தொலைவில் இருந்ததா என்பது பொருளற்ற வினா. செல்வதற்குப் பொழுது இருக்கவில்லை. 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பட்டாலைகள் நீங்கலாக ஏனைய ஆடையாலைகளில் ஒன்பது வயதிற்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு அமர்த்துதலைத் தடுத்தது. ஒன்பது முதற் பதின்மூன்று வயது வரையினரின் வேலையை வாரத்திற்கு 48 மணி நேரமாகக் குறைத்தது; நாள்தோறும் இரண்டு மணி நேரக் கல்வியும் அளிக்க வேண்டுமென விதித்தது. இரண்டு மணி நேரம் என்பது நமக்கு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அதுவே அப்பிள்ளைகளுக்காகச் சட்டம் யந்திரத்தைத் தடுத்து நிறுத்தி வைத்த பொழுது. பின்னர் 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஊர்தோறும் தொடக்கப் பாடசாலைகள் அமைய வழிசெய்தது. 1880ஆம் ஆண்டில் ஐந்து முதற் பத்து வயது வரையினர் பாடசாலை செல்லுதல் கட்டாயமாயிற்று. 1891ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பெரும்பாலான தொடக்கப் பாடசாலைகளிற் கட்டணமும் நீங்கிற்று. தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்குப் பொழுதை முதலில் மீட்டுக் கொடுத்த பின்னரே கல்வியைக் கொடுக்க முடிந்தது.

நம் நாட்டில் 1945ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியையும் இந்நோக்கிலே காணலாம். அரசாங்க சபையிலே கல்வி மந்திரியாயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள் எதிர்ப்புக்களைக் கடந்து நிறைவேற்றிய அத்திட்டம், கட்டணத்தை நீக்கியது என்று மாத்திரம் சொல்லுதல் போதாது. கட்டணத்தைத் தேடிக் கொடுக்க இயலாமையால் வயலிலும் கடையிலும் கடலிலும் இளமையிலேயே கால் வைக்கவிருந்த பல பிள்ளைகளின் பொழுதை அது காத்துக் கொடுத்தது. அப்பிள்ளைகள் பலர் பின்னாளில் மருத்துவராயும் பொறியியலாளராயும் ஆசிரியராயும் விளங்கினர். இம்மலரைப் படிப்போருள்ளும் அத்தகையார் இருப்பர். ஏதென்ஸ் நகரத்தில் அடிமை செலுத்திய விலையை இங்கே வரி செலுத்திய பொதுமக்கள் பகிர்ந்து செலுத்தினர். ஒரு சிலருக்குரியதாயிருந்த ‘ஸ்கொலே’ அனைவர்க்கும் உரியதாகும் வழி அதனாற் பிறந்தது.

கட்டடம் வேறு, ‘ஸ்கூல்’ வேறு என்பதற்கு இலக்கண நூலிற் சான்று தேட வேண்டாத தலைமுறை நம்முடையது. 1995ஆம் ஆண்டின் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, பாடசாலைக் கட்டடங்கள் பின்னே நின்றன. பாடசாலைகள் மக்களோடு நடந்து சென்றன. இடங்கொடுத்த பாடசாலைகளின் மண்டபங்களில் மாலை வேளையிலும், கிடுகுக் கொட்டில்களிலும், மரநிழலிலும் வகுப்புக்கள் நடந்தன. கரும்பலகை இன்றியும் கதிரை இன்றியும் கற்பித்த ஆசிரியர்கள், அன்று காத்துக் கொடுத்தது வேறெதனை? துயரம் சூழ்ந்த நாளின் நடுவே, துயரம் புகாத இரண்டு மூன்று மணி நேரத்தையே காத்துக் கொடுத்தனர். சொல்லின் தொல்பொருள் அந்நாளில் நம் கண்முன்னே உயிர்பெற்று நின்றது.

போரில் அழியாத அப்பொழுது, அமைதியிலே தேய்கின்றதோ என்னும் கவலை நமக்குண்டு. ‘ரியூசன்’ என்னும் சொல் இன்று ‘ஸ்கூல்’ என்பதற்கு இணையாக நம்மவர் வாயில் வழங்குகின்றது. அதன் வரலாறும் கருதத்தக்கதே. காத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது. தந்தையை இழந்த சிறுவனையும் அவன் சொத்தையும் காக்கும் பொறுப்புடையவனை உரோமர் சட்டம் ‘ரியூட்டர்’ என்றது. பிள்ளையைக் காத்தல் என்னும் பொருளே, பிள்ளைக்குத் தனியே கற்பித்தல் என்னும் பொருளாக ஆங்கிலத்தில் மாறிற்று. இன்றோ ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை தொடங்கி உயர்தரப் பரீட்சை முடியும் வரை, பல பிள்ளைகள் பாடசாலையிலிருந்து ரியூட்டரிக்கும், ஒரு ரியூட்டரியிலிருந்து மற்றொன்றிற்கும் சைக்கிளில் விரைகின்றனர். சனியும் ஞாயிறும் அவர்க்கு வேலை நாள்களே. காக்கும் பொருளுடைய சொல், காக்கப்பட வேண்டிய பொழுதையே விழுங்கலாயிற்று.

இதற்காக ஆசிரியரையோ பெற்றோரையோ குறை கூறுதல் எளிது, நியாயம் ஆகாது. பல்கலைக்கழக இடங்கள் சிலவாகவும் நாடுவோர் பலராகவும் உள்ள நாட்டில், தன் பிள்ளை பின்தங்கலாகாது என்று அஞ்சும் தாயின் அச்சம் பொய்யன்று. ஆயினும் ஒன்றை அவளும் நாமும் சேர்ந்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். விடையை விரைந்து எழுதப் பழகிய பிள்ளைக்கு, வினாவை ஆறுதலாக எழுப்பும் பொழுது எங்கே? பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு நூலை நூலகத்தில் எடுத்துப் புரட்டவும், விவாத மேடையில் தோற்றுப் பழகவும், ஒரு கணக்கை மூன்று நாள் தலையில் வைத்துக்கொண்டு திரியவும் அவனுக்கு இடமுண்டா? கல்லூரி நமக்கு என்ன தந்தது என்று பழைய மாணவர் கூடியிருந்து பேசும்போது, அவர்கள் நினைவிற் கூறுவன பெரும்பாலும் நேரசூசியில் எழுதப்படாத பொழுதுகளே.

பழைய மாணவரை ‘அலும்னஸ்’ என்பது இலத்தீன் வழக்கு. ஊட்டி வளர்க்கப்பட்டவன் என்பது அதன் பொருள். கல்லூரியை ஊட்டும் தாய் என்னும் பொருளில் ‘அல்மா மாட்டர்’ என்பதும் அதனோடு இயைந்ததே. கல்லூரித்தாய் நமக்கு ஊட்டியவற்றுள் முதன்மையானது பொழுது. நம் பெற்றோர் உழைத்தும், ஆசிரியர் பொறுத்தும், ஊரார் கொடுத்தும் அப்பொழுதை நமக்காகத் தடுத்து வைத்தனர். மண்டபமும் ஆய்வுகூடமும் விளையாட்டரங்கும் அமைத்துக் கொடுக்கும் பழைய மாணவர் சங்கங்களின் தொண்டு பாராட்டுதற்குரியது. அவற்றோடு, வறுமையாற் பாடசாலை முடிந்ததும் கூலிக்குச் செல்லும் மாணவன் ஒருவனின் மாலைப்பொழுதை மீட்டுக் கொடுத்தலும், நூலகம் இருள் சூழும் வரை திறந்திருக்க ஒருவரை அமர்த்திக் கொடுத்தலும், வாரத்தில் ஒரு நாள் மாலையை எவ்வகுப்பும் தீண்டாது ஒதுக்குமாறு பெற்றோரை இசைவித்தலும் நாம் செய்யக்கூடியனவே. அவற்றிற்குக் கல்வெட்டுப் பதித்தல் இயலாது. ஆனால் ‘ஸ்கூல்’ என்னும் பெயர் முதன்முதலில் எதற்கு இடப்பட்டதோ, அதனைக் கட்டிக் கொடுத்தவராவோம்.